வகுக்க எண் இல்லாத விதி

மாப்பிள்ளையின் வலது கால் முதன்முதலில் மக்கர் செய்தபோது, தோற்கப்போகிற ஆட்டத்திலிருந்து தப்பிக்கப் போடும் நாடகம் என்றுதான் வரைவாளர் நினைத்தார். நினைத்ததோடு நிற்காமல் வாய்விட்டும் சொன்னார். "நொண்டி நடிச்சா செத்த குதிரைப்படை திரும்பி வந்துடுமா?" என்று கேட்டார். இரண்டு வருஷமாகியும் அந்த வாக்கியத்தை அவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இருவருக்கும் ஐம்பத்தெட்டு வயது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். வரைவாளருக்குக் கட்டட அலுவலகம் ஒன்றில் படம் வரைகிற வேலை. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஆறங்குல எஃகு அளவுகோல் இருக்கும். மாப்பிள்ளை பல்செட் செய்பவர். அக்கம்பக்கத்துக் கிழவர்களில் பாதிப் பேர் அவரைப் பற்றிக் குறை பேசியதே அவர் செய்துகொடுத்த பல்லால்தான். வரைவாளரின் தங்கையைக் கட்டிக்கொண்ட வகையில் சிநேகிதர் மாப்பிள்ளையானார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தடையில்லாமல் ஆடுவதற்காகத்தான் தன்னைக் கட்டிக்கொண்டார் என்று தங்கை முப்பது வருஷமாகச் சொல்லிவந்தாள். இரண்டு பேரில் ஒருவர்கூட ஒருநாளும் மறுத்ததில்லை.

ஆட்டம் என்றால் சீட்டோ கேரமோ இல்லை. போர். கார் இல்லாத மாப்பிள்ளை வீட்டின் கார் ஷெட்டில் எட்டடிக்கு ஐந்தடி ஒட்டுப்பலகை மேசை. அதன்மேல் பச்சைத் துணி, அட்டையில் மலை, உடைந்த கண்ணாடியில் ஆறு, நடுவில் ஒரு பாலம். இரண்டு கரையிலும் ஈயத்தில் வார்த்த வீரர்கள், ஒவ்வொருவனும் கட்டைவிரலின் மேல்கணு உயரம். பல்லுக்கு அச்செடுக்கிற அதே மாவில், அதே மெழுகுக் கத்தியால் மாப்பிள்ளை செதுக்கி வார்த்தவர்கள். நீலச்சட்டை மாப்பிள்ளையின் படை, சிவப்புச்சட்டை வரைவாளருடையது. இல்லாத இரண்டு நாடுகள், எதற்கென்று தெரியாத சண்டை. தங்கை அவற்றைப் பொம்மை என்பாள். "படை" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திருத்துவார்கள்.

விதிகள் அவர்களே எழுதியவை. மாப்பிள்ளை கன்னாபின்னாவென்று கிறுக்கித் தருவார். வரைவாளர் அதை அச்சடித்த மாதிரி நோட்டில் எழுதுவார். மொத்தம் நாற்பத்தொரு விதி. காலாட்படை ஒரு சுற்றுக்கு ஆறு அங்குலம் நகரும். குதிரைப்படை பன்னிரண்டு. பீரங்கி நாற்பத்தெட்டு அங்குலம் எட்டும். குண்டு பட்டதாகக் கணக்கு வைக்கப் பகடையில் குறைந்தது ஆறு விழ வேண்டும். பட்டவனை எடுத்துப் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். மேசை விளிம்பு ஒரு சுவர். எந்தப் படையும் அதைத் தாண்டக் கூடாது. ஒரு பக்கம் தீர்கிறவரை ஆட்டம். பீரங்கிக்கென்று நாற்பத்தெட்டு அங்குலத்தில் சிவப்புச் சாயம் பூசிய குச்சி ஒன்று உண்டு. தங்கை அதை எடுத்துப்போய் ஜன்னல் திரைக்குத் துணி அளப்பாள். "பீரங்கியை எங்க காணோம்?" என்று கூடத்துக்கு ஓடிவருகிற அண்ணனிடம், "இந்த ஜன்னலுக்கு எட்டல அண்ணா, உன் பீரங்கியால ஒண்ணுத்துக்கும் பிரயோஜனமில்ல" என்பாள்.

கால் மக்கர் செய்ததற்கு டாக்டர்கள் ஒரு பேர் சொன்னார்கள். பேர் நீளமாக இருந்தது, மருந்துதான் இல்லை. நரம்புகள் ஒவ்வொன்றாகத் தசைகளோடு பேச்சை நிறுத்திக்கொள்கிற நோய். கால், பிறகு கை, பிறகு நாக்கு, கடைசியில் மூச்சு. புத்தி மட்டும் முடிவுவரை தெளிவாக இருக்கும் என்றார் பெரிய டாக்டர், ஏதோ கூடுதலாகக் கொடுக்கிற மாதிரி.

வீட்டில் மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேலை கிடைத்தது. தங்கை தூக்கி உட்காரவைக்கக் கற்றுக்கொண்டாள். நர்ஸ் காலையும் மாலையும் வந்து கைகால்களை மடக்கி நீட்டினாள். வரைவாளருக்கு மட்டும் எதுவும் இல்லை. தூக்கப்போனால் அவருடைய இடுப்புதான் பிடித்துக்கொண்டது. மருந்து எடுத்துக்கொடுத்தால் தப்பான மாத்திரையை எடுத்தார். "நீ சும்மா உக்காரு அண்ணா, அதுவே பெரிய உதவி" என்றாள் தங்கை. சும்மா உட்காருவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளை, மேசையைச் சுற்றி நடக்க முடியவில்லை, நடுவில் கை எட்டவில்லை என்றார். வரைவாளரின் முகம் வெளிச்சமானது. இது அவருக்குத் தெரிந்த வேலை. பெரிய படத்தைச் சின்னத் தாளுக்குக் கொண்டுவருவதைத்தானே அவர் முப்பத்தைந்து வருஷமாகச் செய்கிறார்!

"எல்லாத்தையும் பாதியாக்கிடலாம் மாப்ள. ஆளு பாதி, மேசை பாதி, தூரம் பாதி. சாப்பாட்டு மேசையிலயே ஆடலாம். நீ நாற்காலியை விட்டு அசைய வேணாம்."

கட்டைவிரல் நகத்தளவு வீரர்களை மாப்பிள்ளை தானே செதுக்கினார். வலது கை நடுங்கியதால் இடது கையால் பிடித்துக்கொண்டு செதுக்கினார். மூன்று மாதம் பிடித்தது. வரைவாளர் புது நோட்டு வாங்கி, பழைய நோட்டில் கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் இரண்டால் வகுத்து எழுதினார். ஆறு அங்குலம் மூன்றானது. நாற்பத்தெட்டு இருபத்துநான்கானது. பகடையில் குறைந்தது ஆறு விழ வேண்டும் என்பது குறைந்தது மூன்று விழ வேண்டும் என்றானது.

முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிஷம் சாப்பாட்டு மேசையில் ஆள் இல்லை. மூன்று தடவை பகடை போட்டால் இரண்டு தடவை ஆள் விழுந்தான். மூன்று மாதம் செதுக்கிய படை மொத்தமும் பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. வரைவாளர் நோட்டையும் டப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மாப்பிள்ளை நோட்டை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் புரையேறி, தங்கை ஓடிவந்து முதுகைத் தட்டவேண்டியதாயிற்று.

"மச்சான், ஆளைச் சின்னதாக்கச் சொன்னா, நீ அதிர்ஷ்டத்தையும் பாதியா வெட்டிட்டியே! உனக்கு எண்ணு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுமா? பக்கத்துல எழுதியிருக்கிறதைப் படிக்கவே மாட்டியா?"

அது உண்மைதான். படத்தில் அளவு சரியாக இருந்தால் வீடு தானாக நிற்கும் என்று நம்புகிற ஜாதி அவர். அசடு வழிந்துகொண்டு பகடை எண்ணைத் திருத்தினார். அந்த மேசையில் ஒரு வருஷம் ஓடியது. அது நல்ல வருஷம் என்று இப்போதுதான் தெரிகிறது.

பிறகு நாற்காலியிலும் உட்கார முடியாமல் போயிற்று. முன்னறையில் உயர்த்தி இறக்குகிற கட்டில் வந்தது. அதோடு, கட்டிலுக்குக் குறுக்கே தள்ளிவைக்கிற சக்கர மேசையும் வந்தது. டம்ளர் உருண்டு விழாமல் இருக்க மேசையின் நாலு பக்கமும் விளிம்பு தூக்கியிருந்தது. வரைவாளர் அளவுகோலை எடுத்து அளந்தார். இரண்டடிக்கு ஒன்றேகால் அடி. எட்டுக்கு ஐந்தில் சரியாகக் கால்பங்கு. அதைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டார். மனுஷன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான், இவர் மேசை கணக்காகப் பொருந்திவிட்டதென்று சந்தோஷப்பட்டார். தங்கை பார்த்த பார்வையில் அளவுகோலைப் பையில் போட்டுக்கொண்டார்.

கால்பங்கு என்றால் வீரன் அரிசிமணி உயரம். மாப்பிள்ளையின் விரல்கள் அதற்குள் போர்வைமேல் வைத்த இடத்திலேயே கிடந்தன. பேச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது. அவர் சொல்லச் சொல்ல, வரைவாளர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெழுகில் செதுக்கினார். வந்தவை ஆணி மாதிரி இருந்தன.

"மூக்கு வரலையே மாப்ள."

"அரிசிக்கு... எதுக்குடா... மூக்கு? தொப்பி வை... போதும்."

தனித்தனியாக நகர்த்த முடியாத அளவில் இருந்ததால், இருபது இருபது பேராக அட்டைப் பட்டைகளில் ஒட்டினார். நீலம் பதினான்கு பட்டை, சிவப்பு பதினான்கு பட்டை. அங்கேதான் சிக்கல் வந்தது. ஒட்டிவைத்தவனைச் செத்தபிறகு எப்படி எடுப்பது? பட்டைக்குப் பின்னால் ஒரு குண்டூசி குத்திக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று வரைவாளர் விதி எழுதினார்.

"அப்ப செத்தவன்... நின்னுக்கிட்டே இருப்பானா?"

"கணக்குல செத்திருப்பான். பாக்கறதுக்கு நிப்பான்."

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் போர்வைக்குள் நீட்டிக் கிடந்த தன் கால்களைப் பார்த்தார். "நல்ல விதி மச்சான்" என்றார். அவர் கிண்டல் செய்கிறார் என்று வரைவாளருக்கு வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது.

மூன்றாவது நோட்டில் எண்களை நாலால் வகுத்தார். இந்த முறை பகடையைத் தொடவில்லை. பிசகிவிடக் கூடாதென்று எண் உள்ள விதிகளை மூன்று முறை சரிபார்த்தார். எண் இல்லாத விதிகளைப் பார்த்து எழுதிக்கொண்டே போனார். கைதான் எழுதியது, கண் பார்க்கவில்லை. காலாட்படைக்கு ஒன்றரை அங்குலம், பீரங்கிக்குப் பன்னிரண்டு. சிவப்புக் குச்சியில் கால்பங்கை மட்டும் வெட்டி எடுத்தார்.

பட்டைகள் காய்ந்து ஆட்டம் தொடங்குவதற்குள் பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் மிஞ்சியது. கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை. வரைவாளர் பென்சில் முனையால் ஒவ்வொரு பட்டையாகத் தொட்டுக் காட்டுவார். வேண்டிய பட்டை வந்ததும் மாப்பிள்ளை கண்ணைத் தூக்குவார். பிறகு திசை. அதற்குக் கடிகார முகம் ஒன்றை வரைந்து வைத்திருந்தார். பன்னிரண்டு என்றால் எதிரியை நோக்கி, ஆறு என்றால் தலையணையை நோக்கி. முன்பு ஒரு மத்தியானத்தில் முடிகிற ஆட்டம் இப்போது மாதக்கணக்கில் நடந்தது. அது முடியக் கூடாதென்று வரைவாளர் பார்த்துக்கொண்டார்.

பெரிய டாக்டர் வீட்டுக்கே வந்தது ஒரு வியாழக்கிழமை. மூச்சுத் தசைகள் தளர்ந்துவிட்டன, சில வாரம் தாங்கலாம் என்றார். தொண்டையில் துளை போட்டு இயந்திரம் வைத்தால் வருஷக்கணக்கில் ஓடும். ஆனால் இதே கட்டில், இதே கூரை, நாளைக்குக் கண்ணும் அசையாமல் போகலாம். வேண்டாமென்றால் திணறல் தெரியாமல் மருந்து கொடுப்போம். அவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, அவர்தான் சொல்ல வேண்டும் என்று கட்டிலுக்கருகே குனிந்து, "மெஷின் வைக்கலாமா?" என்று கேட்டார். மாப்பிள்ளை கண்ணை மூடினார்.

"களைப்புல மூடியிருப்பாரு" என்றாள் தங்கை உடனே. "நேத்து சரியா தூங்கல. இன்னொரு தடவை கேளுங்க."

டாக்டர் இன்னொரு தடவை கேட்டார். மாப்பிள்ளை இன்னொரு தடவை மூடினார். தங்கை திங்கட்கிழமை வரை தவணை கேட்டாள். டாக்டர் போனதும் அண்ணனைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீ சொன்னா கேப்பாரு. திங்கக்கிழமைக்குள்ள அவரை சம்மதிக்க வை. எப்படியாவது வை."

"நான் என்னம்மா சொல்லுவேன்?"

"எனக்குத் தெரியாது. முப்பது வருஷமா ரெண்டு பேரும் அந்த ஷெட்டுல என்னதான் பேசினீங்க? அதைப் பேசு."

அவர்கள் ஷெட்டில் அங்குலத்தையும் பகடையையும் தவிர வேறெதையும் பேசியதில்லை என்பதை எப்படிச் சொல்வது? வரைவாளர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து ஒரு யோசனை செய்தார். அவருக்கு வருகிற யோசனைதான். ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டு எவனாவது எழுந்து போவானா? மாப்பிள்ளையை ஜெயிக்க விட வேண்டும். அவசரமில்லாமல், வாரக்கணக்கில், இதோ அதோ என்று ஜெயிக்க விட வேண்டும்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போய் ஆடினார். ஒரு முட்டாள்கூடச் செய்யாத காரியங்களைச் செய்தார். குதிரைப்படையைச் சதுப்பு நிலத்தில் இறக்கினார். பீரங்கியை மலைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பாலத்தைக் காத்த பட்டையைக் காரணமில்லாமல் நகர்த்தினார். சாயங்காலத்துக்குள் நீலப்படை பாலத்தில் நின்றது.

"போச்சு மாப்ள, பாலம் போச்சு! என் கதை கந்தலாகப் போகுது, இன்னும் பத்து பதினஞ்சு சுத்துல நீ என்னை அடிச்சுத் துவைச்சிடுவே." குரலில் தேனை ஊற்றிக்கொண்டு பேசினார். மாப்பிள்ளை அவரையே பார்த்தார். பல் வாங்க வந்தவர் வலியில்லை என்று பொய் சொல்லும்போது பார்க்கிற பார்வை அது.

சனிக்கிழமை. வரைவாளர் பென்சிலை எடுத்து முதல் பட்டையைத் தொட்டார், கண் அசையவில்லை. பாலத்தில் நிற்கிற பட்டையைத் தொட்டதும் கண் மேலே போயிற்று. கடிகாரத்தில் பன்னிரண்டைக் காட்டினார். கண் மூடியது. ஒவ்வொரு எண்ணாக வந்தார். ஆறில் கண் மேலே போயிற்று.

"பின்னாலயா? பாலத்தை விட்டுட்டா?"

ஆமாம்.

ஏதோ தந்திரம் என்று வரைவாளர் நினைத்தார். ஒன்றரை அங்குலம் பின்னால் நகர்த்தினார். அடுத்த பட்டைக்கும் ஆறு. அதற்கடுத்ததற்கும் ஆறு. தன்னை உள்ளே இழுத்து மடக்கப் பார்க்கிறான் கில்லாடி என்று அவருக்கு உற்சாகம்கூட வந்தது. இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. நர்ஸ் வந்து கைகால் மடக்கிவிட்டுப் போனாள். டீ ஆறி ஆடை கட்டியது. ஐந்தாவது சுற்றின் முடிவில் பதினான்கு நீலப் பட்டைகளும் தலையணைப் பக்கத்து விளிம்பில் முதுகு ஒட்ட வரிசையாக நின்றன. ஆற்றுக்கும் அவற்றுக்கும் நடுவில் மைதானம் காலி.

வரைவாளர் முதல் பட்டையைத் தொட்டார். ஆமாம். பன்னிரண்டு? இல்லை. மூன்று? இல்லை. ஆறு?

ஆமாம்.

"அங்க இடமில்ல மாப்ள. விளிம்பு."

ஆமாம்.

"முப்பத்தேழாம் விதி. விளிம்புன்னா சுவர். தாண்டக் கூடாது. நாம எழுதினதுதானே?"

மாப்பிள்ளை கண்ணை மூடவில்லை. தூக்கிய கண்ணை அப்படியே தூக்கி வைத்திருந்தார். வரைவாளர் அடுத்த பட்டையைத் தொட்டார். ஆறு. அடுத்தது. ஆறு. பதினான்கு பட்டைக்கும் அதே பதில் வந்தது. கடைசிப் பட்டைக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்தார். விஷயம் விளங்கிவிட்டது. வியாழக்கிழமை டாக்டர் கேட்டதற்குச் சொன்ன அதே பதிலை இந்த மனுஷன், மச்சானுக்குப் புரிகிற ஒரே பாஷையில், ஒன்றரை ஒன்றரை அங்குலமாக ஒரு நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

"நீ ஜெயிச்சுட்டிருக்கடா" என்றார் வரைவாளர். "ஜெயிக்கிறவன் எங்கயாவது போவானா? விதியில இடமில்ல. என்னால முடியாது. முடியாதுன்னா முடியாது."

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கட்டிலில் அசைய முடியாமல் கிடப்பவனிடம் கோபித்துக்கொண்டு எழுந்து போவது எவ்வளவு சுலபம் என்று தெருமுனை திரும்பும்போது தோன்றியது. திரும்பிப் போக வெட்கமாக இருந்தது, போகவில்லை.

வீட்டில் மூன்று நோட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூன்றிலும் முப்பத்தேழாம் விதி எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி இருந்தது. அதில் எண் இல்லை, அதனால் அவர் கண் அங்கே நின்றதேயில்லை. அலமாரியின் அடியில் மாப்பிள்ளை கிறுக்கித் தந்த பழைய காகிதக்கட்டும் கிடந்தது. தேடியபோது அந்தத் தாளும் அகப்பட்டது. முப்பத்தேழாம் எண்ணுக்கு எதிரே மாப்பிள்ளையின் கோணல் கையெழுத்தில் வேறு விதி ஒன்று இருந்தது. அதன்மேல் அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு அடித்திருந்தது. அடித்தவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை; அவ்வளவு நேராகக் கோடு போட அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது.

'பின்வாங்குதல். தளபதி போதும் என்று நினைத்தால் தன் படையை மேசையை விட்டு வெளியே கொண்டுபோகலாம். போகிற படையை எதிராளி சுடக் கூடாது.'

அந்தச் சண்டை ஞாபகம் வந்தது. "ஓடிப்போறதுக்கு ஒரு விதியா? அப்புறம் எவன் நின்னு சண்டை போடுவான்?" என்று இவர் குதித்தார். இருபத்தெட்டு வயது மாப்பிள்ளை தோளைக் குலுக்கினார். "நீதான் எழுதற. உன் இஷ்டம்" என்றார். அதோடு சரி. முப்பது வருஷத்தில் ஒருதரம்கூட அதைப் பற்றிப் பேசவில்லை.

வரைவாளர் இருட்டும்வரை அந்தத் தாளோடு மல்லுக்கட்டினார். பழக்கதோஷத்தில் நாலால் வகுக்க அதில் ஏதாவது எண் இருக்கிறதா என்று தேடினார். ஒரு நிபந்தனை சேர்த்துப் பார்த்தார்: வெளியேறும் முன் பத்துச் சுற்று காத்திருக்க வேண்டும். எழுதியதைப் படித்தார். பத்துச் சுற்று யாருக்காக? கிழித்துப் போட்டார். எதிராளி சம்மதித்தால் மட்டும் என்று எழுதினார். அதையும் கிழித்தார். தலைகீழாக நின்றாலும் அந்த விதியைச் சின்னதாக்க முடியவில்லை. கடைசியில் மூன்றாவது நோட்டில் முப்பத்தேழாவதை நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். கீழே மாப்பிள்ளை எழுதியதை, எழுத்துப் பிசகாமல், அச்சடித்த மாதிரி எழுதினார். எழுதும்போது இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நோட்டோடு வந்தவரைத் தங்கை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பேசினியா? நேத்து கோச்சுக்கிட்டுப் போனியாமே, நர்ஸ் சொன்னா. என்னாச்சு?"

வரைவாளர் நேரே உள்ளே போய்க் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். பட்டைகள் விட்ட இடத்தில் விட்ட மாதிரி நின்றன. தூசி தட்டக்கூட யாரும் தொடவில்லை. நோட்டைத் திறந்து சத்தமாகப் படித்தார். மாப்பிள்ளையின் கண் நோட்டின்மேலேயே இருந்தது. படித்து முடித்ததும் கண் மேலே போயிற்று. ரொம்ப நேரம் கீழே இறங்கவில்லை.

தங்கைக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. அவள் அண்ணனைவிடக் கெட்டிக்காரி.

"உன்னை என்ன பண்ணச் சொன்னேன், நீ என்ன எழுதிட்டு வந்திருக்கே?" குரல் கிறீச்சிட்டது. "சம்மதிக்க வைன்னு சொன்னேன்!"

"அவன் சம்மதிக்கலம்மா. டாக்டர் கேட்டப்பவே சொல்லிட்டான். நாம ரெண்டு பேரும்தான் காதுல வாங்கல."

"உனக்கென்ன, எழுந்து உன் வீட்டுக்குப் போயிடுவே. நான் இந்த ரூமுல என்ன பண்ணுவேன்?"

தங்கை கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு புருஷன் முகத்துக்கு நேரே குனிந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"மெஷின் வேணாமா?"

கண் மேலே போயிற்று. ஆமாம், வேண்டாம்.

"நிஜமாவா? என்னைப் பாத்து சொல்லுங்க."

அவளைப் பார்த்தார். பிறகு கண்ணைத் தூக்கினார். தங்கை கட்டிலோரத்தில் உட்கார்ந்து அவருடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அழுதாள். யாரும் தேற்றவில்லை. தேற்ற வேண்டியவர் கையை அசைக்க முடியாமல் கிடந்தார், இன்னொருவருக்கு அந்த வித்தை தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து வரைவாளர் பென்சிலால் முதல் பட்டையைத் தொட்டார். ஆமாம். ஆறு? ஆமாம். விளிம்பு தூக்கியிருந்ததால் பட்டையைத் தள்ள முடியவில்லை. இடுக்கியால் எடுத்து, விளிம்புக்கு மேலே தூக்கி, அந்தப் பக்கம் போர்வைமேல் மாப்பிள்ளையின் நெஞ்சருகே வைத்தார். இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. கேட்காமலே எல்லாவற்றையும் வாரி எடுத்திருக்கலாம். அவருக்கு மனசு வரவில்லை. கடைசித் தடவையாவது முறைப்படி ஆட வேண்டும்.

எட்டாவது பட்டையைத் தூக்கும்போது தங்கை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த கையை விடாமல், மற்றொரு கையால் பன்னிரண்டு அங்குலச் சிவப்புக் குச்சியை எடுத்தாள். முப்பது வருஷமாக இந்த ஆட்டத்தில் அவள் அறிந்துவைத்திருந்தது அந்த ஒரு குச்சியைத்தான். மலைக்கு இந்தப் பக்கம் நின்ற அண்ணனின் இன்னொரு பீரங்கியில் ஒரு முனையை வைத்தாள். மறுமுனை விளிம்பில் நிற்கிற நீலப் பட்டைகளைத் தொட்டது. தாண்டி இரண்டு விரற்கடை மிச்சமும் இருந்தது.

"எட்டுதே அண்ணா" என்றாள்.

"எட்டும்மா."

"அப்புறம் ஏன் சும்மா இருக்கே? சுட்டா இங்கயே நிப்பாங்க இல்ல?"

மாப்பிள்ளை மச்சானைப் பார்த்தார். வரைவாளரின் கையில் இடுக்கி, இடுக்கியில் இருபது அரிசிமணி வீரர்கள், மூக்கில்லாதவர்கள்.

"சுடக் கூடாதும்மா" என்றார் வரைவாளர். எட்டாவதைப் போர்வைமேல் வைத்துவிட்டு, ஒன்பதாவது பட்டையைக் காட்டிக் கேட்டார்.